மாவு தீர்ந்த ராத்திரி

"நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு? போட்டோவுக்காக ஆக்கியதைச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையையே சொல்கிறேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அதுவும் நான் ஆசைப்பட்டு ஆக்கியதில்லை. மாவு தீர்ந்துபோயிற்று.

எங்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன என்பதை முடிவு செய்வது நானோ வீட்டுக்காரரோ இல்லை, ஃபிரிட்ஜில் இருக்கும் மாவுத் தூக்குதான். ஞாயிறு சாயங்காலம் ஆட்டினால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் ஊத்தப்பம். வியாழக்கிழமை மாவு புளித்து நுரை தள்ளும்போது சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். வெள்ளிக்கிழமை தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கடை மாவு ஒரு பாக்கெட் வாங்கிவிடலாம்தான். ஆனால் போன தடவை வாங்கியது தோசைக்கல்லில் இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி வந்தது, அதிலிருந்து எனக்கு மனசு வரவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் கோபிச்செட்டிபாளையம். இருப்பது கோயம்புத்தூரில். மாவு இல்லாத ராத்திரியில்தான் யார் எந்த ஊர் என்பது வெளியே வரும். அவருக்கு உடனே வாயில் வருவது அரிசிம்பருப்பு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம், மிளகு எல்லாம் ஒரே குக்கரில் போட்டு இறக்கி, மேலே நெய் ஊற்றிப் பிசைந்து, பக்கத்தில் ஒரு அப்பளம். எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்யாணமாகி 11 வருஷத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை! நேற்று அவர் "அரிசிம்பருப்பு..." என்று ஆரம்பிக்கும்போதே நான் டப்பாவைத் திறந்து தொலி உளுந்தை எடுத்துவிட்டேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்கு விதைத்து, தை வாக்கில் வீடு வந்து சேரும் உளுந்து. தோலோடு உடைத்திருப்பார்கள். வெள்ளை உளுந்தில் இந்தச் சோறு ஆக்கினால் அது வேறு ஏதோ ஒன்று, உளுந்தஞ்சோறு இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான்கு பேருக்கு ஒன்றரை டம்ளர் புழுங்கலரிசி, முக்கால் டம்ளர் உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் லேசாக வறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வந்துவிடும், அம்மாவுக்குப் போன் போடுவேன். நேற்றும் போட்டேன். "ஏட்டி, வாசம் வந்ததும் எறக்கிரு, செவக்க விடாத. எத்தன மட்டம் சொல்லியாச்சு!" அவ்வளவுதான் செய்முறை. வறுத்ததைக் கழுவி அரிசியோடு சேர்த்து, பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு முழுசாக, ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு மூடி தேங்காய் துருவியது, உப்பு, ஆறு டம்ளர் தண்ணீர். நாலு விசில். குக்கரைப் பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். உளுந்து பொங்கி, விசில் வழியாகச் சாம்பல் நிறத்தில் கஞ்சி பீய்ச்சும். நேற்று எங்கள் வீட்டு அடுப்பும் பின்னால் இருந்த டைல்ஸும் அதற்குச் சாட்சி.

துவையல்தான் சோதித்துவிட்டது. கறுப்பு எள்ளை வறுக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், சும்மா கிடக்கும். அப்புறம் ஒன்று தெறிக்கும், ரெண்டு தெறிக்கும், திடீரென்று சட்டி முழுக்கச் சடசடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் குறைய ஆரம்பிக்கும்போது தட்டில் கொட்டிவிட வேண்டும், சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூட்டில் கருகும். கறுப்பு எள் கருகினால் கண்ணுக்கும் தெரியாது, நாக்கில் வைத்தால்தான் தெரியும். நான் அம்மாவோடு பேசிக்கொண்டே நின்றதில் முதல் ஈடு போயிற்று. கசப்பு. தேங்காயைக் கூட வைத்து அரைத்தால் சரியாகிவிடும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டது போனிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது போல. "தூரக் கொட்டு. தேங்காய வச்சு மறைக்கலாம்னு பாக்காத" என்றாள். கொட்டிவிட்டு, வேறு எள் எடுத்து, போனை வைத்துவிட்டு வறுத்தேன். நாலு மிளகாய் வத்தல், ரெண்டு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு. தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக, கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆச்சி இருந்திருந்தால் ராத்திரியில் இதை ஆக்க விட்டிருக்க மாட்டாள். எங்கள் பக்கம் இது மத்தியானச் சோறு. உளுந்து மந்தம், ராத்திரி தின்றால் வயிறு கல்லாகும் என்பாள். பெண்பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம் என்று மத்தியானத்தில் அள்ளி அள்ளி வைப்பவளும் அவள்தான். அவள் சொன்னதில் பாதியாவது சரி. நேற்று சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடந்த பிறகுதான் எனக்குப் படுக்கவே முடிந்தது.

தட்டில் போட்டதும் எட்டு வயது மகள் கேட்டாள், "அம்மா, சோறு ஏன் அழுக்கா இருக்கு?" நியாயமான கேள்விதான். கறுப்புத் தோல் வெந்து இறங்கிய சாயம், சோறு முழுக்க ஒரு மாதிரி சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். மேலே நல்லெண்ணெய் ஊற்றி, நடுவில் துவையலை உருட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கிறது என்று நான் சொல்வேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் பூண்டை எல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டாள். பெரியவன் அந்தப் பூண்டையும் சேர்த்துத் தின்றுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டான். அவன் என் பக்கம்.

வீட்டுக்காரர் பேசாமல் சாப்பிட்டார். ரெண்டாம் தடவை போட்டுக்கொண்டார், துவையலை வழித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அத்தை போன். ராத்திரிக்கு என்ன என்று கேட்டார்கள் போல. இவர் சொல்கிறார், "நம்ம அரிசிம்பருப்பு மாதிரிதாம்மா, கொஞ்சம் கறுப்பா இருக்கும்."

பாத்திரம் அவரைக் கழுவ விட்டேன். குக்கர் அடியில் பிடித்திருந்ததைத் தண்ணீர் ஊற்றி ஊற வைக்காமல் சுரண்டிக்கொண்டிருந்தார், நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். ஊறப்போட்ட இட்லி அரிசியும் உளுந்தும் தயாராக இருக்கின்றன, இந்த வாரம் ஒரு நாள் முன்னாடியே கிரைண்டர் போடப் போகிறேன். ஆனாலும் மாவு பொங்கி வர நாளைக் காலை ஆகும். இன்றைக்கு ராத்திரி? அவர் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.