இன்ஜின் லைட் எரியுது, சென்சார மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, என் பிஎஸ்6 பைக்ல இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0122ன்னு பழுதுக் குறியீடு (கோடு) வருது, சென்சார் போச்சு, மாத்தணும்ங்கிறாங்க. மாத்திரவா? (வாசகர், மேலூர்)

பதில்: அவசரப்பட்டு காசக் கொட்டாதீங்க தம்பி. பி-ன்னா இன்ஜின் பக்கம், அடுத்த 0 எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு, அதுக்கடுத்த 1 காத்து-பெட்ரோல் கலவை சம்பந்தப்பட்டது, மொத்தமா பாத்தா த்ராட்டில் பொசிஷன் சென்சார் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்) லைன்ல சிக்னல் வோல்டேஜ் ரொம்ப கம்மின்னு அர்த்தம். சென்சார் செத்துப்போச்சுன்னு அந்தக் கோடு சொல்லவே இல்ல, இதத்தான் நிறைய பேரு கவனிக்க மாட்டேங்கிறாங்க, எனக்கு ரொம்ப வருத்தம்.

முதல்ல சாவிய ஆஃப் பண்ணி அந்த சென்சாரோட கப்ளர (வயர் சொருகுற இணைப்பு) கழட்டிப் பாருங்க, பின்னுல பச்சை பூத்திருக்கா, வயர எலி கடிச்சிருக்கா, மழையில தண்ணி ஏறியிருக்கான்னு. வயல்காட்டு ஓரம் வண்டிய விடுறவங்களுக்கு எலிதான் பெரிய தலவலி. அப்புறம் சாவி ஆன்ல வச்சு மல்டிமீட்டர்ல பாருங்க, பெரும்பாலான வண்டில சப்ளை வயர்ல 5 வோல்ட் சுமாருக்கு வரணும், கப்ளர மாட்டிட்டு ஆக்ஸிலேட்டர மெதுவா முறுக்கினா சிக்னல் வோல்டேஜ் குதிக்காம சீரா ஏறணும். சப்ளை, எர்த், வயர் எல்லாம் சரியா இருந்தும் சிக்னல் ஏறலைன்னா அப்ப சென்சார மாத்துங்க. வேலை முடிஞ்சதும் ஸ்கேனர்ல கோட அழிச்சுட்டு, அழகர்கோயில் வரைக்கும் ஓட்டிட்டு வந்து மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க.