ஏரிக்கு வரும் ஓடைகளும் கண்ணுக்குத் தெரியாத விலங்குகளும்: கேள்வி பதில்

ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளின் தண்ணீர்த் தரம், அதில் மிதக்கும் நுண்விலங்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஏரியில் மிதவை வலை போட்டால் நுண்விலங்குகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அதில் கலக்கும் ஓடையில் ஒன்றிரண்டுதான். ஓடை அவ்வளவு கெட்டுவிட்டதா?

இல்லை, ஓட்டம்தான் காரணம். மிதவை உயிரிகளுக்கு நீரோட்டத்தை எதிர்த்து நிற்க வலு கிடையாது. ஒரு டாஃப்னியா (நீர்த்தெள்ளு) பிறந்து வளர்ந்து முதல் குஞ்சுகளை ஈன சுமார் ஒரு வாரம் ஆகும். கோப்பிபாடுகள் என்ற இன்னொரு வகை ஓட்டு நுண்விலங்குகளுக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். சின்ன ஓடையின் தண்ணீரோ சில மணி நேரத்தில் ஏரிக்குள் போய்விடும். பெருக நேரமே இல்லை. ரோட்டிஃபர்கள் (இவற்றைவிடச் சிறிய சக்கர நுண்விலங்குகள்) மட்டும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளில் அடுத்த தலைமுறையைப் பார்த்துவிடும், அதனால்தான் ஓடை மாதிரிகளில் பெரும்பாலும் அவையே. வேகமாக ஓடும் தெளிந்த ஓடையில் மிதவை விலங்குகள் குறைவாக இருப்பது இயல்பு. அங்கே தண்ணீரின் தரத்தைச் சொல்லக்கூடியவை கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்புழுக்கள்.

எங்கள் மாதிரியில் டாஃப்னியா நிறைய. நல்ல அறிகுறி என்று அறிக்கையில் எழுதலாமா சார்?

அவசரப்படாதீர்கள். முதலில் ஓடையோடு மேலே நடந்து போய்ப் பாருங்கள். குளமோ தடுப்பணையோ இருந்தால், அது வழிந்து வந்த கூட்டம்தான் உங்கள் வலையில் சிக்கியிருக்கும். அதற்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்தால் விஷயம் வெளியாகிவிடும்.

இன்னொன்று, எண்ணுவதற்கு முன் உயிரோடு ஒன்றை நுண்ணோக்கியில் வையுங்கள். கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் இதயம் படபடவென்று துடிப்பதும், குடலில் பச்சைப் பாசி நிறைந்திருப்பதும் தெரியும். உடல் இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். மூச்சுக்கு வழியில்லாதபோது டாஃப்னியா கூடுதல் ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குச் சில நாள் ஆகும். அதாவது, நீங்கள் மதியம் மீட்டரை நனைத்து ‘ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது’ என்று குறித்துக்கொண்ட அதே தண்ணீர், இரவெல்லாம் திணறியிருக்கலாம். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவில் எல்லாமே அதை உறிஞ்சும். அளப்பதானால் விடியும் முன் அளங்கள்.

பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர் இருந்தாலே சாக்கடை கலந்திருக்கிறது என்பது உண்மையா?

ஒன்றிரண்டு கிடைத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஊட்டச்சத்து மிகுந்த, காரத்தன்மை உள்ள நீரை விரும்பும் ரோட்டிஃபர் அது, அவ்வளவுதான். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே அரிதாகவும் கீழே அதுவே பெரும்பான்மையாகவும் இருந்து, கூடவே அம்மோனியாவும் ஏறியிருந்தால் தைரியமாக எழுதுங்கள்.

கையில் பணம் குறைவு. எதை அளக்கலாம்?

வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் மூன்றையும் அந்த இடத்திலேயே அளங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப ஒன்றுதான் முடியும் என்றால் மொத்த பாஸ்பரஸ், பாசியை வளர்க்கும் சத்து அது. ஆனால் இவற்றைவிட முக்கியமாக, பலரும் விட்டுவிடுவது நீரோட்டத்தின் அளவு.

லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள ஓடை ஒன்று, வினாடிக்கு 20 லிட்டர் ஓடுகிறது. இன்னொன்றில் 0.1 மில்லிகிராம்தான், ஆனால் வினாடிக்கு 500 லிட்டர். முதலாவது நாளொன்றுக்கு ஏரியில் கொட்டுவது சுமார் 0.7 கிலோ. ‘சுத்தமான’ இரண்டாவது கொட்டுவது 4.3 கிலோ. ஏரியில் பாசி மண்டுவதற்கு எந்த ஓடையைப் பிடிக்க வேண்டும் என்று இப்போது சொல்லுங்கள்! மீட்டர் இல்லாவிட்டால் மரத்துண்டை மிதக்கவிட்டு வேகம் பாருங்கள். மேற்பரப்பு வேகம் சற்றுக் கூடுதலாகக் காட்டும், 0.85ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு அதை ஓடையின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் நீரோட்டத்தின் அளவு கிடைக்கும். வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையைத் தவறவிடாதீர்கள், தேங்கிய அழுக்கெல்லாம் அன்றுதான் இறங்கும்.

வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும்? எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுவது?

60 மைக்ரான் அளவில் வாங்குங்கள். 150 மைக்ரான் வலையில் ரோட்டிஃபர்களில் பெரும்பாலானவை நழுவிவிடும். உதாரணமாக, 100 லிட்டர் வடிகட்டி 50 மில்லிக்குச் சுருக்கி, அதில் 1 மில்லியில் 24 எண்ணினால், 24 × 50 ÷ 100, லிட்டருக்கு 12. பாதுகாக்க 70 சதவீத எத்தனால் போதும். ஓடில்லாத ரோட்டிஃபர்கள் அதில் உருண்டையாகச் சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும் என்பதால் கொஞ்சத்தை அன்றே உயிரோடு பாருங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்குள் போடுங்கள், பேனா மையை எத்தனால் கரைத்துவிடும்.

நுண்விலங்குகள் நிறைய இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா அண்ணா?

கூடாது. கிருமி இருக்கிறதா என்பதை அவை காட்டித்தராது. நரம்புச்சிலந்திப் புழுவின் (கினிப் புழு) குட்டிகளைச் சுமப்பதே சைக்ளாப்ஸ் என்ற கோப்பிபாடுதான். அதை நெருக்கமான துணி வடிகட்டிவிடும், பாக்டீரியாவை வடிகட்டாது. கொதிக்க வையுங்கள்.

போன வாரம் இருந்தவை இப்போது இல்லை. பூச்சிமருந்தாக இருக்குமோ?

மழை பெய்ததா? பெய்திருந்தால் வெள்ளம் அடித்துப் போயிருக்கும், அதுவே போதுமான காரணம். மழையில்லாமல், தேங்கிய மடுக்களில்கூட டாஃப்னியா வகைகள் மட்டும் மறைந்து ரோட்டிஃபர்கள் நிறைய நீந்தினால் சந்தேகப்படலாம். பைரித்ராய்டு மருந்துகள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே டாஃப்னியாவைக் கொல்லக்கூடியவை. (மீன்குஞ்சுகள் புதிதாக வந்திருந்தாலும் இதே காட்சிதான், அதையும் பார்த்துவிடுங்கள்.) தாமதிக்காமல் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நீர் பிடித்து, ஐஸில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடிச் சேற்றிலும் கொஞ்சம் அள்ளிக்கொள்ளுங்கள், தண்ணீரில் மறைந்த பிறகும் அதில் அகப்படும்.