ஸ்காட்லாந்தின் அபர்லெம்னோ கிராமத்தில், அந்நாட்டின் பழங்குடிகளான பிக்ட் மக்கள் செதுக்கிய கற்களைப் பார்க்கப் போய் மரப்பெட்டிதான் தெரிந்ததா?

டிசம்பரில் போனால் அப்படித்தான். பனியில் கல் வெடிக்காமலிருக்க குளிர்காலம் முழுக்கப் பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். ஏப்ரலுக்கு மேல் போங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயில் முக்கியம். உச்சிவெயிலில், செதுக்கிய பாம்பும் சீப்பும் கண்ணாடியும் கல்லோடு கல்லாகிவிடும்.

சாலையோரக் கற்களோடு திரும்பிவிடாதீர்கள். தேவாலய முற்றத்துக் கல்லின் பின்பக்கம் ஒரு போர்க்களமே இருக்கிறது. கீழ் மூலையில், விழுந்த வீரனின் முகத்தைப் பறவை கொத்துகிறது. 685இல் பிக்ட் மக்கள் நார்தம்பிரியப் படையை வென்ற நெக்டன்ஸ்மியர் போர் என்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கையில்லை.

ஏப்ரல்வரை பொறுக்காதா? சரி, எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் போங்கள், கட்டணமில்லை. அங்கிருக்கும் ஹில்டன் ஆஃப் கேட்போல் என்ற இன்னொரு பிக்ட் கல்லில் குதிரைமேல் ஒரு பெண், பக்கத்திலேயே அவளுடைய சீப்பும் கண்ணாடியும்.