இலையில் ஃபிளேவனாய்டு கூடினால் ஒளிச்சேர்க்கை குறையுமா?

பயிரின் இலையில் ஃபிளேவனாய்டு (செடி தானே உருவாக்கிக்கொள்ளும் ஒரு வகை வேதிப்பொருள்) அதிகமானால் பச்சையத்துக்கு வெளிச்சம் போதாமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போகாது. இவை அதிகம் சேர்வது இலையின் மேல்தோலில்; அங்கே 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா-பி கதிரை உறிஞ்சிக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய 400-700 நானோமீட்டர் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே விட்டுவிடுகின்றன. ஆந்தோசயனின் மட்டும் வேறு மாதிரி, அதுவும் ஃபிளேவனாய்டுதான், ஆனால் பச்சை ஒளியை விழுங்கும். மாந்தளிரின் செம்பு நிறம் அதனால்தான். தளிரில் ஒளிச்சேர்க்கைக்கான அமைப்பு இன்னும் முழுசாக உருவாகாததால் மிகுதி வெயில் அதைக் காயப்படுத்தும், அதுவரை ஆந்தோசயனின் அதற்கு நிழல்வலை மாதிரி.

அப்புறம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்த பயிரில் பச்சையம் இறங்கி, ஃபிளேவனாய்டில் ஒரு வகையான ஃபிளேவனால் ஏறும். இலையைப் பறிக்காமல் கவ்விப் பிடித்து அளக்கும் சில கருவிகள் இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் தழைச்சத்து நிலையைக் காட்டுகின்றன.