சிறை, நன்னடத்தைத் துறை வேலைக்குப் படிக்கலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிறையில் வார்டராகச் சேர்ந்து, பிறகு நன்னடத்தை அலுவலராக (நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விடுபவர்களைக் கண்காணிக்கும் புரொபேஷன் அலுவலர்) மாறி, இப்போது அதே வேலைகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் கல்லூரிப் பிரிவில் பாடம் எடுக்கிறேன். கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வயது வரம்பு, உடல்தகுதி, நுழைவுத் தேர்வு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதற்கு அந்தந்தத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

அக்கா, இது போலீஸ் பயிற்சி மாதிரிதானா? காலையில் எழுப்பி ஓட விடுவார்களா? (பள்ளி முடித்தவர்)

இல்லை தம்பி. ஓட்டம், அணிவகுப்பு, தற்காப்பு இதெல்லாம் பெரும்பாலும் வேலைக்கு எடுத்த பிறகு துறையே தரும் பயிற்சியில் வரும். கல்லூரியில் படிப்பது குற்றவியல், தண்டனைச் சட்டம், மனநலம், போதைப் பழக்கம், நேர்காணல் எடுப்பது, அறிக்கை எழுதுவது, அப்புறம் களப்பயிற்சி. போலீஸ்காரருக்கு ஒரு ஆளோடு சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள் வேலை. நமக்கு அதே ஆளோடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில். படிப்பு வேறாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பாடத்தைக் கோட்டை விடவே கூடாது?

அறிக்கை எழுதுவது. எல்லோருக்கும் சலிப்பூட்டும் பாடம், வேலையில் பாதி அதுதான்.

முதல் பருவத்தில் ஒரு வீடியோ காட்டி, பார்த்ததைச் சம்பவ அறிக்கையாக எழுதச் சொல்வேன். பத்தில் எட்டுத் தாளில் இப்படித்தான் இருக்கும்: "சிறைவாசி ஆத்திரத்தில் இருந்தார், அலுவலரைத் தாக்க முயன்றார்." அதன் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மூன்றாம் முறை எழுதும்போது இப்படி வரும்: "மாலை 6.10. சிறைவாசி தட்டை மேஜையில் இரண்டு முறை அடித்தார். 'வீட்டுக்குப் பேச ஏன் விடவில்லை' என்று சத்தமாகக் கேட்டார். அலுவலரை நோக்கி ஓரடி வைத்தார். கைகள் இரண்டும் கீழே தொங்கின. அலுவலர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்." இரண்டும் ஒரே சம்பவம்தான். ஆனால் முதல் அறிக்கை கோப்பில் ஏறிவிட்டால், தண்டனை முடியும் முன்பே விடுவிக்கலாமா என்று பார்க்கும் பரோல் குழுவில் யாரோ ஒருவர் "தாக்க முயன்றார்" என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு அந்த மனிதரை இன்னும் ஒரு வருடம் உள்ளே வைக்கலாம், அவர் எந்த வீடியோவையும் பார்க்கப் போவதில்லை. கண் பார்த்ததையும் காது கேட்டதையும் எழுது, உன் முடிவைத் தனியாக எழுது, முடிவுக்குக் காரணம் சொல். நான் கற்றுத் தருவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

பேச்சில் எல்லாம் அடங்குவார்களா? தடியும் கைவிலங்கும் எதற்கு இருக்கின்றன?

இருக்கின்றன, தேவைப்படும் நாளும் வரும், அதையும் முறையாகக் கற்க வேண்டும். ஆனால் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (1955-ல் முதலில் வந்தவை, 2015-ல் திருத்தி இந்தப் பெயரோடு ஏற்கப்பட்டவை, மொத்தம் 122 விதிகள்) ஊழியர் பயிற்சி பற்றிச் சொல்லும் இடத்தில், பலப்பிரயோகத்தைச் சொல்லும்போதே பேசித் தீர்ப்பதையும் நிலைமை முற்றாமல் தடுப்பதையும் சேர்த்தே சொல்கின்றன. சுவர், பூட்டு, கேமரா ஒரு வகைப் பாதுகாப்பு. இன்னொன்று, யார் இன்று சாப்பிடவில்லை, யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை, எந்த இருவர் நேற்றுவரை சேர்ந்து உட்கார்ந்துவிட்டு இன்று தள்ளி உட்காருகிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது. தினமும் நாலு வார்த்தை பேசுகிற அலுவலருக்குத்தான் அது தெரியும், கேமராவுக்குத் தெரியாது. வகுப்பில் இதற்கு நடித்துப் பழகுவோம். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், கத்துகிற வேடத்தில் இருப்பவர் நிஜமாகவே கத்த ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

ரிஸ்க் மதிப்பீடு என்று, மறுபடி குற்றம் செய்வாரா என்பதற்குப் படிவத்தில் மார்க் போட்டு ஒரு மனிதனை அளக்கிறீர்களே, இது நியாயமா? (சட்டக் கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. படிவத்தை ஜாதகம் மாதிரி வாசித்தால் நியாயமே இல்லை.

கனடாவின் ஆண்ட்ரூஸ், போண்டா முதலான உளவியலாளர்கள் 1990-ல் முன்வைத்த முறை இன்று பல நாடுகளில் பாடத்தில் இருக்கிறது. சாரம் மூன்று. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு அதிக உதவி, குறைவானவருக்குக் குறைவு. அந்தக் குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ளவற்றில் கை வைப்பது, அதாவது போதை, கூட்டாளிகள், வேலையின்மை, யோசிக்கும் விதம். மூன்றாவது, அந்த ஆளுக்குப் புரியும் விதத்தில் அதைச் செய்வது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பயிற்சிப் புத்தகத்தை நீட்டி என்ன பயன்?

புதிதாக வருபவர்களுக்கு ஜீரணிக்க முடியாதது முதல் விஷயம். ஒரே ஒரு முறை தவறிய, வேலையும் குடும்பமும் இருக்கிற ஒருவரை, நல்லதுதானே என்று வாரம் மூன்று வகுப்பில் போட்டால் நிலைமை மோசமாகலாம். வேலை நேரம் போகும், வகுப்பில் அவரைவிட அனுபவசாலிகளோடு பழக்கம் ஏற்படும். உதவி செய்கிறேன் என்று கெடுப்பதும் நடக்கும்.

உங்கள் சந்தேகம் சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: முந்தைய கைதுகளை எண்ணும் படிவம், போலீஸ் அதிகம் சுற்றும் பகுதிக்காரருக்குத் தானாகவே அதிக மதிப்பெண் தந்துவிடும். நல்ல கல்லூரியில் படிவத்தை நிரப்பவும் கற்றுத் தருவார்கள், அதை எங்கே நம்பக்கூடாது என்றும் சொல்லித் தருவார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள் மேடம், யாராவது திருந்துகிறார்களா?

திருந்துகிறார்கள், எல்லோரும் இல்லை. 1974-ல் அமெரிக்காவில் மார்ட்டின்சன் என்பவர் மறுவாழ்வுத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார், எதுவுமே பலன் தருவதில்லை என்று அதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள், பல இடங்களில் திட்டங்களை மூடுவதற்கு அதுவே சாக்காகிவிட்டது. 1979-ல் அவரே அந்த முடிவைப் பெருமளவு திருத்தி எழுதினார். அதை எத்தனை பேர் படித்தார்கள்? வயது கூடக்கூடப் பெரும்பாலானவர்கள் குற்றத்தை விட்டு விலகுகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நம் வேலை அந்த விலகலுக்குக் குறுக்கே நிற்காமல், முடிந்தால் கொஞ்சம் சீக்கிரப்படுத்துவது. யாரையும் நான் திருத்தினேன் என்று சொல்லிக்கொள்ளும் அலுவலரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை.

சிறைக்குள் போக மனமில்லை. வெளியே வேலை உண்டா?

நிறைய. நன்னடத்தை, பரோல் கண்காணிப்பு, இளஞ்சிறார் இல்லம், விடுதலையானவர்களுக்கான தங்குமிடம், பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவை, நீதிமன்ற உதவி.

நன்னடத்தைக் கண்காணிப்பின் தொடக்கத்தைத் தேடினால் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய் நிற்போம். பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ், 1841-ல் குடித்ததற்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்தார், குறித்த நாளில் அந்த ஆளைத் தெளிந்த முகத்தோடு கொண்டுவந்து நிறுத்தினார். 1859-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 2000 பேருக்கு இப்படிப் பொறுப்பேற்றிருக்கிறார். இன்னொன்று கனடாவில் ஒன்டாரியோவின் எல்மைரா: 1974-ல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். ஒரு நன்னடத்தை அலுவலர், இவர்கள் வீடு வீடாகப் போய் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்க்கட்டுமே என்றார், நீதிபதியும் ஒத்துக்கொண்டார். செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசும் இன்றைய திட்டங்களில் பல அங்கிருந்து கிளைத்தவை.

ஆனால் வெளி வேலை லேசானது என்று நினைத்து வராதீர்கள். ஒருவரை உட்காரவைத்து உதவியும் செய்ய வேண்டும், அவர் நிபந்தனையை மீறினால் நீதிமன்றத்துக்கும் எழுத வேண்டும். இரண்டையும் முதல் நாளே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் அவர் உங்களிடம் வாயே திறக்க மாட்டார்.

பெண்கள் ஆண்கள் சிறையில் வேலை செய்ய முடியுமா?

பல நாடுகளில் செய்கிறார்கள். பெண் சிறைவாசிகளைப் பொறுத்தவரை, மண்டேலா விதிகளின்படி அவர்களைக் கவனிப்பது பெண் ஊழியர்கள்தான், ஆண் ஊழியர் உள்ளே வந்தால் பெண் அலுவலர் ஒருவர் கூட வர வேண்டும்.

கைதிகள் ஊழியர்களை வளைத்துப் போடுவார்கள் என்கிறார்களே?

வளைப்பது பெரிய விஷயத்தில் தொடங்காது. ஒரு பேனா கேட்பார்கள். அடுத்து, "உங்கள் மேலதிகாரியைவிட நீங்கள்தான் மனிதத்தன்மையோடு நடக்கிறீர்கள்" என்பார்கள். அப்புறம் வெளியே ஒருவரிடம் ஒரு சின்னத் தகவல் சொல்லச் சொல்வார்கள். நீங்கள் மறுக்கும் நாளில் அந்தப் பேனா நினைவூட்டப்படும். பேனா தந்துவிட்டால்கூட அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், சொன்னது எதையும் பிறகு மிரட்டப் பயன்படுத்த முடியாது. அதற்காக ஒவ்வொரு வேண்டுகோளையும் சூழ்ச்சியாகப் பார்க்காதீர்கள், பெரும்பாலும் அவருக்கு நிஜமாகவே பேனாதான் வேண்டும்.

என் அண்ணன் ஜெயிலில் இருக்கிறார். எனக்கு வேலை கிடைக்குமா?

மறைக்காதீர்கள், அதுதான் முதல் விதி. பின்னணி விசாரணையில் குடும்பத்தில் ஒருவர் உள்ளே இருப்பதைவிட, அதை எழுதாமல் விட்டதுதான் பலரை வெளியே தள்ளுகிறது. அவர் இருக்கும் சிறையில் உங்களைப் போட மாட்டார்கள், அவ்வளவுதான் பெரும்பாலும். வருகையாளர் வரிசையில் நின்ற அனுபவம் வகுப்பில் உங்களுக்கு உதவும்.

நார்வேயில் சிறை அலுவலருக்கு இரண்டு ஆண்டு பயிற்சியாமே, அப்படியானால் நம் கல்லூரிப் படிப்பு வீண்தானே?

அங்கே அலுவலர் பயிற்சியே இரண்டு ஆண்டு, சம்பளத்தோடு, துறையின் சொந்தக் கல்லூரியில். வேறு பல நாடுகளில் சில வாரங்களில் சீருடை போட்டு உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முன்பே படித்துவிட்டு வருபவருக்குத்தான் கூடுதல் பயன். வீண் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருமா?

சில நாள் வராது. தற்கொலை முயற்சியைப் பார்த்த இரவில் வராது. கூடப் பணி செய்தவரிடம் பேசுங்கள், துறையில் ஆலோசகர் இருந்தால் போங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எந்தக் கல்லூரி நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேருவதற்கு முன் என்ன செய்யலாம்?

பெயரைக் கேட்காதீர்கள், களப்பயிற்சியைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எங்கே, அங்கே உங்களை யார் மேற்பார்வை செய்வார்? "சிறைக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துப் போவோம்" என்றால் அது களப்பயிற்சி இல்லை. ஆசிரியர்களில் எத்தனை பேர் வேலை பார்த்தவர்கள், அறிக்கை எழுதித் திருத்தித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். படிப்பு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றால் மழுப்புகிறார்களா, பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், பொதுமக்கள் உட்கார அனுமதிக்கும் நீதிமன்றம் ஏதாவது ஒன்றில் காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள், பெரிய கொலை வழக்கு வேண்டாம், சின்னத் திருட்டு, குடித்துவிட்டுத் தகராறு, ஜாமீன் மனு இப்படி வரிசையாக வருமே அது. நோட்டு எடுத்துப் போங்கள். மதியத்துக்குள் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.