அடுத்த வீட்டுக் கணக்கும் ஆண்டவரின் திட்டமும்: வாசகர் கேள்வி பதில்

எங்கட ஒழுங்கையில மூண்டு வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருது, மாடி எழும்புது. எங்களுக்கு அவரின்ர கூலியும் பத்துக் கோழியும்தான். பக்கத்து வீட்டு அக்காவும் எங்கட சபைதான், நல்ல மனிசி. அவவின்ர ஸ்டேட்டஸைப் பார்த்த நாளில ஜெபிக்கவே மனம் வராது. சங்கீதம் 73 வாசிக்கச் சொன்னவை. வாசிச்சும் ஆறேல்ல.
– வாசகி, விசுவமடு

ஆறாததில் வியப்பில்லை, சகோதரி. அந்தச் சங்கீதத்தைப் பாடிய ஆசாப் பொறாமைப்பட்டது துன்மார்க்கர்மேல். பின்பாதியில் அவர்கள் சறுக்கி விழுவதைக் கண்டு தெளிகிறார். ஒரு நல்ல அக்காவை மனதில் வைத்துக்கொண்டு அதை வாசித்தால், அவவின் மாடி எப்போது சரியும் என்று பார்த்திருப்பதில்தான் போய் முடியும்.

உங்களுக்குரிய பகுதி மத்தேயு 20:1–16. விடியற்காலை தோட்டத்துக்குப் போனவர்களுக்கு நாளுக்கு ஒரு பணம் என்று பேச்சு. பிறகு காலை 9, நண்பகல் 12, பின்னேரம் 3, கடைசியாக 5 மணிக்கும் ஆட்களை எடுக்கிறார் எசமான். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார் (8ஆம் வசனம்), எல்லாருக்கும் அதே ஒரு பணம்தான். எல்லாம் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசின கூலியோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களின் பணத்தில் ஒரு சதமும் குறையவில்லை. மற்றவனின் கையைப் பார்த்த பிறகுதான் குறைந்ததுபோல் தெரிந்தது. வெயிலில் நாள் முழுக்க நின்றவனுக்கு அந்த முறுமுறுப்பு வருவது இயல்பு என்பது கூலி வேலை தெரிந்த எவருக்கும் விளங்கும். எசமானும் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, "சிநேகிதனே" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆகவே முதலில் பார்வையைக் குறையுங்கள். அந்த ஸ்டேட்டஸை அழுத்திப் பிடித்து மியூட் பண்ணுங்கள். அக்காவுக்கு அறிவித்தல் போகாது, உறவும் கெடாது. அடுத்தது ஜெபம். "பொறாமையை எடுத்துப்போடும்" என்று பொதுவாகக் கேட்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. அப்படிக் கேட்கும் நேரமெல்லாம் மனம் அந்த மாடியையே சுற்றிக்கொண்டிருக்கும். அக்காவின் பேரைச் சொல்லி, அவவுக்கு உண்மையில் தேவையான ஒன்றைக் கேளுங்கள்: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் விசா, இரவு வேலை, தனிமை. அது என்னவென்று தெரியாவிட்டால் போய் விசாரியுங்கள். விசாரித்தால் ஸ்டேட்டஸில் வராத பாதியும் தெரியவரும். பிறகு உங்கள் வீட்டுத் தேவை ஒன்றை அளவோடு கேளுங்கள்: இந்த மாதம் கோழித்தீனுக்கு எவ்வளவு, பிள்ளையின் சப்பாத்துக்கு எவ்வளவு என்று. அளவில்லாமல் கேட்டால், கிடைத்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை. "உன்னிலும் கஷ்டப்பட்டவளைப் பார்த்து ஆறுதல்படு" என்று சிலர் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். லூக்கா 18:11இல் பரிசேயன் நன்றிதான் செலுத்துகிறான், ஆனால் "இந்த ஆயக்காரனைப்போல நான் இல்லை" என்று, வரி வசூலிக்கும் அவனை அளவுகோலாக வைத்து. கீழே பார்த்து ஒப்பிடுவதும் அதே நோய்தான்.

ரண்டாந்தரமும் கம்பஸ் கிடைக்கேல்ல. யாழ்ப்பாணத்து மச்சானுக்குக் கிடைச்சிட்டுது. எல்லாரும் எரேமியா 29:11 சொல்லுகினம். தேவதிட்டம் எண்டால் மூண்டாந்தரம் கிடைக்குந்தானே?
– மல்லாவி

தம்பி, உங்கள்பேரில் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற அந்த வசனம் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. நாட்காட்டியில் தனியே அச்சிடுவதால் வந்த வினை இது. 29ஆம் அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, 2 வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லிச் சனத்தைக் குளிர்வித்திருந்தான். அது பொய் என்று கர்த்தர் சொன்னார். எரேமியா சொன்ன கணக்கு 70 வருடம் (29:10). அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் பலனைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதுதான் கட்டளை (29:5–7). 11ஆம் வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மச்சானுக்குக் கிடைத்தது உமக்கும் பிந்திக் கிடைக்கும் என்பதல்ல அதன் பொருள். இன்று நீர் நிற்கிற இடத்திலேயே நாட்டுவதற்கு ஏதோ இருக்கிறது என்கிறது.

மச்சானோடு ஒப்பிடுவது கணக்காகவும் பிழை. அவர் யாழ் மாவட்டம், நீர் முல்லைத்தீவு மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்கு வேண்டிய குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். உம்முடைய இசட் புள்ளியை (பெறுபேற்றிலிருந்து அனுமதிக்காகக் கணிக்கும் புள்ளி) உம்முடைய மாவட்டத்தின், உம்முடைய கற்கைநெறியின் வெட்டுப்புள்ளியோடு மட்டும் வைத்துப் பாரும். இடைவெளி சிறியது, அதுவும் ஒரு பாடத்தால் வந்தது என்றால் மூன்றாந்தரம் எடுப்பதில் நியாயமுண்டு. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கெடுப்பார்கள், அதோடு சரி. மூன்று பாடமும் கீழே என்றால் இன்னொரு வருடத்தை ரியூசனில் கரைக்காமல் தொழிற்கல்விப் பக்கம் திரும்பும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமை படிப்படியாக 7ஆம் மட்டம் வரை, அதாவது பட்டத்துக்குச் சமமாகப் போகும். "ஆண்டவர் வழி காட்டட்டும்" என்று வீட்டில் இருந்துவிட்டு விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். அதை விசுவாசம் என்று சொல்ல முடியாது.

2009இல சண்டை முடியேக்க ஆமியிட்டக் கையளிச்ச மகன் திரும்பி வரேல்ல. வந்த பிள்ளையளின்ர தாய்மாரைக் கண்டால் நெஞ்சு எரியுது. "எல்லாம் தேவதிட்டம், பொறாமைப்படக்கூடாது" எண்டு சபையில சொல்லினம். நான் பாவஞ்செய்யிறனோ?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

இல்லை, அம்மா. இது பொறாமையே அல்ல. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடையாதிருந்தாள் என்று வேதம் எழுதுகிறது (எரேமியா 31:15). அங்கே அவளை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வசனத்தில் கர்த்தர் அவளோடு பேசுகிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

இனிச் சொல்வது சபையாருக்கு. யோபுவின் மூன்று சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அதுவரை சரி. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் வந்தது (யோபு 42:7). ஆகையால் இந்த அம்மாவிடம் "திட்டம்" என்று சொல்லாதீர்கள். மகனின் பேரைச் சொல்லிக் கதையுங்கள், பிறந்தநாளை நினைவில் வையுங்கள், பதிவுக்கும் விசாரணைக்கும் போகும் நாளில் கூடப்போங்கள். திரும்பி வந்த பிள்ளைக்காகச் சபையில் ஸ்தோத்திரம் ஏறெடுக்கும் நாளில், வராத பிள்ளைகளுக்காகவும் அதே ஆராதனையில் ஜெபியுங்கள்.

பெரியக்காவின்ர மகளுக்கு மண்டபத்தில சாமத்தியவீடு (பூப்புனித விழா) செய்தவை. எங்கட பிள்ளைக்கும் செய்யாட்டில் மதிப்பில்லை. நுண்கடன் ஒரு லட்சம் எடுக்கலாமோ? விசுவாசத்தோட எடுத்தால் கர்த்தர் அடைப்பார் எண்டு மச்சாள் சொல்லுறா.
– பரந்தன்

எடுக்க வேண்டாம். லூக்கா 14:28இல் ஆண்டவரே, கோபுரம் கட்டுமுன் இருந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார். பார்ப்போம். 100,000 ரூபாயை முழுத்தொகைக்கு 24 வீத வட்டியில் 12 மாதத்துக்கு எடுத்தால் கட்டுவது 124,000, மாதம் 10,333. ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதிக் கடன் தீர்ந்திருக்கும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே ஓடும். அதனால் உண்மையான வீதம் 40ஐத் தாண்டுகிறது. கடன் தருகிறவரிடம் "வட்டி முழுத்தொகைக்கா, குறைந்துபோகும் மீதிக்கா?" என்று கேளுங்கள். வயலை நம்பி இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: காலபோக (மாரிக்கால நெல்) அறுவடைக் காசு தை, மாசியில்தான் கைக்கு வரும், தவணையோ மாதாமாதம் வரும். இடையில் விலைப்படுவது பெரும்பாலும் மாடு, இல்லாவிட்டால் தாலிக்கொடி.

கையில் இருக்கும் காசை முதலில் எண்ணி, அதற்குள் வீட்டு முற்றத்தில் பந்தலைப் போட்டு ஜெபத்தோடு செய்யுங்கள். பெரியக்காவுக்கு முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள், பிறகு கதை வராது. பிள்ளையையும் ஒருக்கால் கேளுங்கள். சனத்துக்கு நடுவில் வீடியோ லைட்டுக்கு முன்னால் நிற்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய கரைச்சல்.