ஆட்டம் இல்லாத நாளில் ரக்பி கிளப்புக்குக் காசு எங்கிருந்து வரும்?

டிக்கெட், கேன்டீன் விற்பனை போக ரக்பி கிளப்புகள் வேறு எப்படிச் சம்பாதிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பையில் ஒரு சின்ன கிளப்புக்கு ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு ஆட்ட நாளில் காசு போகுமே தவிர வராது. மைதான வாடகை, ஆம்புலன்ஸ், தண்ணீர் கேன், ஐஸ். பார்க்க வருவது ஆடுகிற பையனின் அம்மாவும் அவன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும்தான், அவர்களிடம் போய் டிக்கெட் கேட்கவா முடியும்?

எங்களைக் காப்பாற்றியது குழந்தைகள் வகுப்பு. சனி, ஞாயிறு காலையில் ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு டேக் ரக்பி, மாதம் 1,500 ரூபாய். இதில் ஆளைப் பிடித்துத் தள்ளுவது கிடையாது, இடுப்புப் பட்டையில் ஒட்டியிருக்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும். மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு மாமி பேரனின் கையை விடாமல், "ஏம்ப்பா, பல்லு உடைஞ்சா யாரு பொறுப்பு?" என்றார். பட்டையை அவரிடமே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பரக் என்று வந்தது. மறுபடி ஒட்டி மறுபடி இழுத்தார், அப்புறம்தான் பையனை விட்டார். 2025 ஜூனில் அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் ஜெயித்த பிறகு சயான், செம்பூர் தமிழ் வீடுகளிலிருந்தும் விசாரித்து போன் வர ஆரம்பித்தது.

ஆபீஸ்காரர்களுக்கு டச் ரக்பி நாள் நடத்துவதும் உண்டு, இதில் பந்து வைத்திருப்பவரைத் தொட்டாலே போதும். பாதிப் பேருக்குப் பந்தை முன்னால் எறியக் கூடாது என்பதே மண்டையில் ஏறாது, ஆனால் சிரித்துக்கொண்டே போவார்கள், பணமும் ஒரே தவணையில் வரும். மழைக்காலத்தில் எவரும் வரமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

பெரிய தொகை வேண்டுமென்றால் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பதால் நாமும் கேட்கலாம். நாங்கள் 2022-ல் ஆழம் தெரியாமல் காலை விட்டோம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறோம் என்றதும் ஒரு கம்பெனி சரி என்றது, கடைசியில் அறப்பணி அமைப்புகளுக்கான 12ஏ, 80ஜி வருமான வரிப் பதிவு இருக்கிறதா, சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண் என்ன என்று கேட்டார்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை. பணம் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. பேப்பரை முதலில் தயார் செய்யுங்கள், பவர்பாயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று, ஜெர்சியில் லோகோ போட்டு விளம்பரம் தேடும் ஸ்பான்சர் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது, அதை மார்க்கெட்டிங் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

"சொந்த மைதானமும் ஹோட்டலும் இருந்தால் கவலையே இல்லை" என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் அடிக்கடி சொல்வார். இங்கிலாந்தில் வாஸ்ப்ஸ் கிளப்புக்கு கோவென்ட்ரியில் அரங்கம், ஹோட்டல், கண்காட்சிக் கூடம் எல்லாம் இருந்தது. அந்த அரங்கத்தை வாங்கிய பிறகு 2015-ல் கடன் பத்திரம் விற்று 3.5 கோடி பவுண்டு திரட்டினார்கள். நடுவில் கொரோனா வந்து ஆட்டமும் நின்றது, கண்காட்சியும் நின்றது. 2022 மே மாதம் கெடு வந்தபோது திருப்பிக் கட்ட முடியவில்லை, அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புவதைவிட, அடுத்தவர் மைதானத்தைக் காலை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது எனக்கு உறுத்தவில்லை.

டீ-ஷர்ட் விற்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நூறு அடித்தோம், நாற்பது போனது. மிச்சமெல்லாம் எக்ஸ்எல், அதை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அணி பிரிக்கக் கொடுக்கிறோம், முட்டிவரை தொங்குகிறது. இப்போது அம்மாக்கள் சின்ன சைஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.